கழுவினால் எல்லாம் போய்விடுமா?

பெப்டைடு என்ற சொல் நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் உயிர்வேதியியல் புத்தகத்தை விட்டு வெளியே வந்ததில்லை. இப்போது காலை நடைப்பயிற்சியில் காதில் விழுகிறது. ஒருவர் சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்கிறார், ஒருவர் எடை குறைய. இன்னொருவர் வீட்டுப் பையன் ஜிம்மில் யாரோ சொன்னார்கள் என்று சின்னச் சின்னக் குப்பிகளாக வாங்கி ஃபிரிட்ஜில் அடுக்கியிருக்கிறானாம். விலையைப் பேசுகிறோம், பக்க விளைவைப் பேசுகிறோம். இதை எப்படிச் செய்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது. தொழில் புத்தி, ஓய்வு பெற்றாலும் போகவில்லை.

இந்தத் தளத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் டி.எம். பிளாண்ட் புராணம் பழகிப்போயிருக்கும். அனல் மின் நிலையத்தில் கொதிகலனுக்குப் போகும் தண்ணீரில் உப்பு இருக்கக் கூடாது. அதற்காக ஆளுயரத்துக்கு மேலான தொட்டிகளில் ரெசின் மணிகளை நிரப்பி, அதன் வழியே தண்ணீரை விடுவோம். ரவை அளவு இருக்கும், தேன் நிறம், கையில் அள்ளினால் விரலிடுக்கில் வழியும். பொருள் என்று பார்த்தால் தெர்மாகோலுக்கு அண்ணன் தம்பி, இரண்டும் பாலிஸ்டைரீன்தான். தெர்மாகோலைப் பெட்ரோலில் போட்டால் கூழாகிவிடும். இந்த மணி கரையாது. பாலிஸ்டைரீன் இழைகளுக்கு நடுவே டைவினைல்பென்சீன் என்ற பொருளால் குறுக்குத் தையல் போட்டிருப்பார்கள். அதனால் இழைகள் பிரிந்து ஓட முடியாது. ஊறி உப்ப மட்டும்தான் முடியும், பாலில் போட்ட ஜவ்வரிசி மாதிரி.

இந்த மணிகளில் ஆனயான் ரெசின் என்று ஒரு வகை. அதைச் செய்யும்போது முதலில் மணியில் குளோரோமெத்தில் என்ற கொக்கியை மாட்டுவார்கள், பிறகு அந்தக் கொக்கியில் டிரைமெத்தில்அமீனைக் கோப்பார்கள். முதல் படியோடு வேலையை நிறுத்திவிட்டால் கையில் இருப்பது என்ன தெரியுமா? வேதியியல் உலகில் மெரிஃபீல்டு ரெசின் என்று பெயர் பெற்ற பொருள். நாங்கள் ஆண்டுக்கணக்காகக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த மணியின் கூடப்பிறந்தது, நியூயார்க்கில் ஒரு மனிதருக்கு நோபல் பரிசு வாங்கிக் கொடுத்திருக்கிறது.

அந்த மனிதர் ராபர்ட் புரூஸ் மெரிஃபீல்டு. 1921-ல் டெக்சஸில் பிறந்தவர், ராக்கஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்தவர். அமினோ அமிலங்களை ஒன்றோடு ஒன்று சேர்த்துச் சங்கிலியாக்கினால் பெப்டைடு. சங்கிலி நீண்டால் புரதம். அன்றைய முறையில் எல்லாமே கரைசலில் நடந்தது. ஓர் அமினோ அமிலத்தைச் சேர்க்க வேண்டும், வேண்டாததைப் பிரிக்க வேண்டும், படிகமாக்க வேண்டும், உலர்த்த வேண்டும், எடை போட வேண்டும், உருகுநிலை பார்க்க வேண்டும். பிறகுதான் அடுத்தது. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் சரக்கு கையை விட்டுப் போகும். 9 அமினோ அமிலங்கள் கொண்ட ஆக்சிடோசினை 1953-ல் இப்படிச் செய்து முடித்தார் வின்சென்ட் டு விக்னோ. பிரசவ அறையில் போடுகிற அதே ஆக்சிடோசின்தான். 1955-ல் அவருக்கு நோபல் கிடைத்ததில் வியப்பில்லை.

மெரிஃபீல்டுக்கு அலுத்துவிட்டது. 1959-ல் தன் குறிப்பேட்டில் ஒரு யோசனையை எழுதினார். பூ தொடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். நாரின் ஒரு நுனியைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, இழுத்துப் பிடித்து, ஒவ்வொரு பூவாக வைத்து முடிச்சுப் போடுவார்கள். நுனி ஓரிடத்தில் நிலையாக இருப்பதால்தான் கை வேகமாகப் போகிறது. மெரிஃபீல்டின் யோசனை அதேதான். சங்கிலியின் முதல் அமினோ அமிலத்தைக் கரையாத மணியில் கட்டிவிட வேண்டும். அடுத்ததை அளவுக்கு மேல் தாராளமாக ஊற்ற வேண்டும். ஒட்டியது போக மீதியைக் கரைப்பான் விட்டுக் கழுவி வடித்துவிட வேண்டும். சங்கிலி மணியோடு இருக்கிறது, மணி வடிகட்டியில் தங்குகிறது. படிகமாக்கல், உலர்த்தல், எடை போடல் எதுவும் கிடையாது. எல்லாம் கோத்து முடித்ததும் கடைசியாக ஒரே ஒரு முறை அமிலம் விட்டுச் சங்கிலியை மணியிலிருந்து வெட்டி எடுக்கிறார்கள்.

ஒரு சிக்கல் உண்டு. அமினோ அமிலத்துக்கு இரண்டு முனை. அப்படியே ஊற்றினால் அவை தங்களுக்குள்ளேயே கோத்துக்கொண்டு போய்விடும். அதனால் ஒரு முனைக்கு மூடி போட்டுத்தான் அனுப்ப வேண்டும். ஒட்டியதும் மூடியைக் கழற்றி அடுத்ததற்கு இடம் விட வேண்டும். நம் உடலில் செல் புரதம் கோப்பதும் இப்படி ஒவ்வொன்றாகத்தான், ஆனால் செல் தொடங்குவது ஒரு முனையிலிருந்து, மெரிஃபீல்டு தொடங்கியது எதிர் முனையிலிருந்து.

சொல்ல எளிது. செய்ய அவருக்கு ஆண்டுகள் ஆயின. எந்த மணி? செல்லுலோஸ், பாலிவினைல் ஆல்கஹால், அயனிப் பரிமாற்ற ரெசின் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில் நிலைத்தது குறைவாகத் தையல் போட்ட பாலிஸ்டைரீன். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, எங்கள் தொட்டியில் வேலை செய்தவர்களுக்கு உடனே புரியும். வினை மணியின் மேல்தோலில் நடப்பதில்லை. பெரும்பகுதி உள்ளேதான். ஆகவே மணி நன்றாக உப்ப வேண்டும், கரைப்பான் உள்ளே போய்வர வேண்டும். எங்கள் மணிகளில் தையல் சாதாரணமாக 8 சதவீதம் இருக்கும். தொட்டியின் பாரத்தைத் தாங்க வேண்டுமே. மெரிஃபீல்டு 2 சதவீதத்துக்கு இறங்கினார், பிற்பாடு 1 சதவீதம் வழக்கமாயிற்று. இன்னும் குறைத்தால் மணி நொறுங்கும், கூட்டினால் உள்ளே வழி அடைபடும். 1963-ல் அவர் தனி ஒருவர் பெயரில் கட்டுரை வந்தது. செய்து காட்டியது 4 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சின்னப் பெப்டைடு, அவ்வளவுதான்.

கரைசல்காரர்கள் சும்மா இருக்கவில்லை. இதெல்லாம் வேதியியலா என்று கேட்டார்கள். இடையில் எந்தப் பொருளையும் பிரித்துப் பார்க்காமல், படிகம் எடுக்காமல், உருகுநிலை பார்க்காமல், மணிக்குள் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? மெரிஃபீல்டைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் வழக்கமாக எதிர்ப்பாளர்களைப் பொறாமைக்காரர்களாக்கி, ஹீரோவை வெற்றி பெற வைத்துக் கதையை முடித்துவிடுகிறார்கள். நான் உடன்படவில்லை. அவர்கள் கேட்டது சரியான கேள்வி. இன்றைக்கு உங்கள் ஊசிக்கும் அதே கேள்விதான்.

கணக்கைப் பாருங்கள். நூறு நார்களில் ஒரே நேரத்தில் பூ தொடுக்கிறோம் என்று வையுங்கள். ஒவ்வொரு பூவுக்கும் 99 நாரில் முடிச்சு விழுகிறது, ஒன்றில் தவறுகிறது. நூற்றுக்கு 99 என்றால் எந்தப் பள்ளியிலும் பாராட்டுவார்கள். ஆனால் தவறிய நார் அங்கேயே நின்றுவிடுவதில்லை. அடுத்த பூ அதிலும் ஏறும். கடைசியில் அதுவும் முழு மாலை மாதிரியே தொங்கும், நடுவில் ஒரு பூ மட்டும் இருக்காது. 39 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடுக்கு 38 முடிச்சு. 99 சதவீதம் வீதம் 38 முறை போனால், முடிவில் நூற்றில் 68 மாலைதான் சரியானது. மீதி 32-ல் பெரும்பாலானவை ஒரே ஒரு பூ குறைந்தவை, ஒவ்வொன்றிலும் வேறு வேறு இடத்தில். ஒரு முடிச்சுக்கு 95 சதவீதம் என்று இறங்கினால் நூற்றுக்கு 14-தான் தேறும்.

இந்தக் குறைமாலைகளைக் கழுவி வெளியேற்ற முடியாது. கழுவினால் போவது மணியில் ஒட்டாதது மட்டும். தப்பும் சரியும் ஒரே மணியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. இந்த முறையின் வசதி எதுவோ அதுவேதான் இதன் ஆபத்தும். பாடப்புத்தகங்களில் நான் பார்த்தவரை மெரிஃபீல்டு பெயர் வரும் இடத்தில் மணி, வடிகட்டி, நோபல் பரிசு எல்லாம் இருக்கும், இந்தக் கணக்கு இருக்காது. பெருக்கல் தெரிந்த எந்த மாணவனும் பத்து நிமிடத்தில் போட்டுவிடுகிற கணக்கு இது.

மெரிஃபீல்டு இதை அறியாதவர் அல்லர். ஜான் ஸ்டூவர்ட்டோடு சேர்ந்து வீட்டின் அடித்தளத்தில் ஓர் இயந்திரம் கட்டினார், 1965-ல் அது ஓடத் தொடங்கியது. பம்பு, வால்வு, சுழலும் உருளை. உருளையில் உள்ள முளைகள் எந்த வால்வு எப்போது திறக்க வேண்டும் என்று சொல்லும். அதை வைத்து இன்சுலினைச் செய்தார்கள். 1969-ல் பெர்ன்ட் குட்டேயோடு ரைபோநியூக்ளியேஸ் என்ற நொதி: 124 அமினோ அமிலம், 369 வினை, 11,931 செயல்படி. முதலில் கிடைத்ததின் வீரியம் இயற்கை நொதியில் ஒரு சிறு பங்குதான் இருந்தது. மேலும் மேலும் பிரித்தெடுத்துத்தான் அதை உயர்த்தினார்கள். மேலே சொன்ன கணக்கில் 123 முடிச்சைப் போட்டுப் பாருங்கள், 99 சதவீதத்தில் 29-தான் வரும். கரைசல்காரர்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் வேதியியல் வழியில் நொதி செய்ய முடியும் என்று அந்த மாதங்களில் காட்டிய இரண்டு குழுக்களில் இவர் குழு ஒன்று. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

குற்றம் சொன்னவர்கள் இருந்ததால்தான் சோதனைகள் வந்தன. 1970-ல் கைசர் சோதனை என்று ஒன்று. நின்ஹைட்ரின் தெரியுமல்லவா, போலீசார் காகிதத்தில் கைரேகை எடுக்கத் தடவுவது. வியர்வையில் உள்ள அமினோ அமிலத்தைப் பார்த்து நிறம் காட்டும். அதையே நாலு மணியில் விட்டுச் சூடாக்கினால், முடிச்சு விழாத முனை இருந்தால் நீலமாகும். நீலம் தெரிந்தால் அடுத்த பூவுக்குப் போகாதே, இதையே இன்னொரு முறை போடு. புரோலின் என்ற அமினோ அமிலம் மட்டும் இந்தச் சோதனையில் நீலம் காட்டாமல் நழுவிவிடும். எந்தச் சோதனைச் சாலையிலும் இப்படி ஒரு ஆள் இருப்பார்.

கடைசியில் சங்கிலியை வெட்ட ஹைட்ரஜன் ஃபுளோரைடு வேண்டியிருந்தது. கண்ணாடியையே தின்னும் அமிலம், டெஃப்லான் பாத்திரத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்ய வேண்டும். 1970-ல் லூயி கார்ப்பினோ எஃப்மாக் என்ற புதிய மூடியைக் கொண்டுவந்தார். அதைக் கழற்றப் பிப்பெரிடின் என்ற காரம் போதும். பிப்பெரிடின் முதலில் மிளகிலிருந்து கிடைத்தது, பெயரும் மிளகிலிருந்துதான். அந்த லத்தீன் சொல்லுக்கும் மூலம் நம் பக்கத்துப் பிப்பலி. இதற்கு மேல் பெருமை கொண்டாடப் போவதில்லை, ஒரு தகவலுக்காகச் சொன்னேன். கேம்பிரிட்ஜில் ஆதர்ட்டனும் ஷெப்பர்டும் பாலிஸ்டைரீனை விட்டுப் பாலியமைடு மணிக்குப் போனார்கள், பெப்டைடும் ஒருவகை அமைடு, ஒத்த குணம் ஒத்துப்போகும் என்று. மற்றவர்கள் பாலிஸ்டைரீன் மணியிலேயே பாலிஎத்திலீன் கிளைகோல் இழைகளை நட்டார்கள். கலிஃபோர்னியாவில் ரிச்சர்டு ஹாட்டன் மணிகளைப் பாலிப்ரொப்பிலீன் வலைப்பையில், டீத்தூள் பை மாதிரி கட்டி, பைகளை ஒன்றாக ஒரே பாத்திரத்தில் கழுவினார். 13 அமினோ அமிலம் கொண்ட 248 பெப்டைடுகளை நாலு வாரத்துக்குள் முடித்து 1985-ல் வெளியிட்டார். படித்தபோது எழுந்து நின்று கை தட்டலாம் போலிருந்தது.

டி.என்.ஏ. பக்கமும் இதே கதைதான். ஹர் கோவிந்த் குரானா 77 படிகள் கொண்ட ஒரு மரபணுவைச் செய்து 1970-ல் அறிவித்தபோது எல்லாம் கரைசலில், பெரிய குழுவின் பல்லாண்டு உழைப்பு. அவரிடம் வேலை பார்த்த மார்வின் கரூதர்ஸ் 1980-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த முறையில் உப்பாத மணி, நுண்துளைக் கண்ணாடித் துகள். இங்கே தவறிய நாருக்கு உடனே மூடி போட்டு அடைத்துவிடுகிறார்கள். அது அங்கேயே குட்டையாக நின்றுவிடும், பிறகு பிரிப்பது சுலபம். 2020-ல் நம் மூக்கில் குச்சி விட்டு எடுத்த கொரோனா பரிசோதனையில் பயன்பட்ட பிரைமர் துண்டுகள் இப்படிச் செய்தவை. சுமார் 20 எழுத்து நீளம்தான் என்பதால் கணக்கு இடம் கொடுத்தது.

இப்போது ஊசிக்கு வருகிறேன். எல்லா ஊசியும் மணியில் செய்ததல்ல. செமாக்ளூட்டைடின் முதுகெலும்பைக் கண்டுபிடித்த நிறுவனம் ஈஸ்டிடம் செய்து வாங்கிக்கொள்கிறது. 39 அமினோ அமிலம் கொண்ட டிர்செபடைடை 4 துண்டுகளாகச் செய்து, துண்டுகளைக் கரைசலில் இணைக்கும் முறையை அதன் நிறுவனமே வெளியிட்டிருக்கிறது. கவனியுங்கள், மணியும் கரைசலும் கலந்த வழி. ஒவ்வொரு துண்டையும் தனியாகச் சுத்தம் பார்க்கலாம், குறைமாலை சேராது. அறுபது வருடத்துக்கு முன் கரைசல்காரர்கள் இடையில் நிறுத்திப் பார் என்று சொன்னதை இன்றைய தொழிற்சாலை கேட்டுக்கொண்டிருக்கிறது.

சுத்தத்துக்கு விலை உண்டு. ஒவ்வொரு பூவுக்கும் இரண்டு முறை, மூன்று முறை கழுவல். கழுவுவது பெரும்பாலும் டைமெத்தில்ஃபார்மமைடு, கருவைப் பாதிக்கக்கூடிய கரைப்பான். ஐரோப்பிய ஒன்றியம் 2023 டிசம்பரிலிருந்து அதன் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு விதித்திருக்கிறது. 2024-ல் மருந்துத் துறையினர் வெளியிட்ட கணக்குப்படி, மணி முறையில் ஒரு கிலோ பெப்டைடு செய்யச் சராசரியாக 13,000 கிலோ பொருள் செலவாகிறது. சாதாரண மாத்திரை மருந்துகளுக்கு அது சில நூறு கிலோ. எங்கள் தொட்டியைக் கழுவிய அமிலத் தண்ணீரை நடுநிலையாக்காமல் வெளியே விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இந்தக் கரைப்பானை மீட்கிற ஆலைக்கும் அப்படியே ஓடையில் விடுகிற ஆலைக்கும் ஊசி விலையில் வித்தியாசம் இருக்கும். மலிவு என்று கேட்டவுடன் மகிழ்ந்துவிடாமல், மலிவு எந்தப் படியில் வந்தது என்று கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

குறைமாலை உடம்புக்குள் போனால் என்ன? பல நேரம் ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். ஆனால் உடம்பு அதை அந்நியன் என்று எண்ணி எதிர்ப்பொருள் செய்யத் தொடங்கினால், ஏறக்குறைய அதே உருவில் உள்ள நல்ல மருந்தையும் அது தாக்கலாம். இதற்காகத்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021-ல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. குளுக்ககான், லிராக்ளூட்டைடு உள்பட, உயிரணு வழியில் வந்த 5 பெப்டைடுகளை வேறொருவர் வேதியியல் வழியில் செய்தால், மூல மருந்தில் இல்லாத புதிய பெப்டைடு அழுக்கு எதுவும் 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்த அளவுக்குள் இருந்தாலும் அது இன்னதென்று கண்டுபிடித்து, தீங்கில்லை என்று விளக்க வேண்டும். நல்ல ஜெனரிக் நிறுவனங்கள் இந்த உழைப்பை உழைக்கின்றன. அதனால் மருத்துவர் சீட்டு எழுதி, மருந்துக் கடையில் பில்லோடு வாங்குகிற ஊசியைப் பற்றி யாரும் இதைப் படித்துவிட்டுப் பயப்பட வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

என் பயம் பில் இல்லாமல் வருகிற குப்பி. அண்ணன் மகன் ஒருவன், நாற்பது தாண்டியவன், முழங்கால் வலிக்கு நல்லது என்று ஒன்றை வாங்கியிருக்கிறான். “சித்தப்பா, 99 சதவீதம் ப்யூர்னு சர்டிஃபிகேட்டே இருக்கு பாருங்க” என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். பார்த்தேன். ஒரு வரைபடம், நடுவில் ஒரே ஒரு கோபுரம், கீழே 99.1. குப்பியில் உள்ள தொகுப்பு எண் ஒன்று, காகிதத்தில் இருப்பது வேறு. குப்பியின் அடியில் பொடி எழுத்தில், ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதருக்கு அல்ல என்று ஆங்கிலத்தில்.

அந்த 99 எதைச் சொல்கிறது என்று அவனுக்கு எழுதினேன். அந்தக் கருவி கண்ட பெப்டைடுகளுக்குள் நூற்றுக்கு 99 பங்கு இது, அவ்வளவுதான். ஒரு பூ குறைந்த மாலை முழு மாலையின் கோபுரத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கலாம், அதைப் பிரித்துக் காட்டுகிற மாதிரி ஓட்டினார்களா என்று தெரியாது. குப்பியின் எடையில் அமில உப்பு எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று அதில் இல்லை. கிருமி நீக்கம் செய்ததா, பாக்டீரியா நஞ்சு இருக்கிறதா என்பதை அந்த வரைபடம் பார்க்கவே பார்க்காது. ஊசியில் போகிற பொருளுக்கு இந்தக் கடைசி இரண்டும்தான் முதலில் வேண்டியவை. நம் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கடைகளில் மாத்திரை அட்டையைப் பிடிப்பது போல இந்தக் குப்பிகளையும் எடுத்துச் சோதித்து, முடிவைத் தமிழில் பத்திரிகையில் போட வேண்டும். பெயர் போட்டுப் போட வேண்டும்.

அவன் படித்தவன், எரிச்சல்படாமல் என் கேள்விகளை அப்படியே விற்றவருக்கு அனுப்பினான். தொகுப்பு எண் ஏன் மாறியிருக்கிறது, நஞ்சுச் சோதனை செய்தீர்களா, எந்த ஆலை. மறுநாள் பதில் வந்தது: ஐந்து குப்பி எடுத்தால் ஒன்று இலவசம்.